லோறென்ஸ்கூக் வீட்டுக்கு விலை சொன்னோம்

நியூஜெர்சியில் எங்கள் தெருவில் இப்போதெல்லாம் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான்: எந்த நாட்டுக்குப் போய்விடலாம்? எதிர்வீட்டு மேகன், தன் தாத்தா அயர்லாந்தில் பிறந்தவர் என்பதைத் திடீரென்று ஞாபகப்படுத்திக்கொண்டு ஐரிஷ் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். அங்கே வாடகை என்ன, வருஷத்தில் எத்தனை நாள் வெயில் அடிக்கும், அமெரிக்க ஓட்டுநர் உரிமம் செல்லுமா என்று நாள் முழுக்க வீடியோ பார்க்கிறாள். எங்களுக்கு அப்படி ஒரு தாத்தா வாய்க்கவில்லை. நார்வேயில், ஒஸ்லோவில் ஒரு தங்கை இருக்கிறாள்.

என் கணவர் முரளி வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்துக்கு ஒஸ்லோவில் ஓர் அலுவலகம் உண்டு. அங்கே மாறி வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட்ட நாளிலிருந்து முரளிக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு அப்படி இல்லை. நான் மருந்தாளுநர். மதுரையில் வாங்கிய பட்டம் அமெரிக்காவில் செல்லாது என்று ஆனபோது, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்துத் தேர்வெழுதி உரிமம் வாங்கியவள். இன்னொரு நாட்டில், இன்னொரு மொழியில், மூன்றாவது தடவையாக அதையே செய்ய வேண்டும் என்று நினைக்கவே நான் தயாராக இல்லை.

"பாத்துட்டு வருவோம், சுதா. முடிவெல்லாம் ஊருக்கு வந்துதான்" என்றார் முரளி. சத்தியம் பண்ணாத குறை. எங்கள் மகள் தாராவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு வசந்தகால விடுமுறை. மூன்று பேரும் கிளம்பினோம்.

வியாழக்கிழமை மத்தியானம் இறங்கினோம். தங்கை கணவர் குகன் காரோடு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். அவருடைய குடும்பம் ஒரு காலத்தில் சென்னையில் எங்கள் சித்தி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தது. அந்த வகையில்தான் என் தங்கை கீதா நார்வேக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை. களைச்சுப் போனியளோ?" என்று பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டார் குகன்.

அவர்கள் வீடு வெஸ்ட்லியில். ஐந்தாம் எண் மெட்ரோ அங்கேதான் முடிகிறது. அடுக்குமாடிகள், அவற்றுக்குப் பின்னால் காடு, நடைபாதை எல்லாம் பொடிக்கல். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட கல்லாம். பனி உருகிவிட்டது, கல்லை இன்னும் வாரவில்லை. தாரா வேண்டுமென்றே அதன்மேல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும். திருநெல்வேலிக் கல்யாண வீடுகளில் சொதி என்றால் காய்கறி மிதக்க, பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் திக்காக நிற்க வேண்டும். கீதா வைத்திருந்தது மஞ்சளாய், தண்ணீராய், எலுமிச்சை பிழிந்து ஓடியது. "இதாடி சொதி?" என்றேன். "ஓம், இதுதான் சொதி" என்றாள். பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி, 'ஆமா' போய் 'ஓம்' போடுகிறாள்! குகன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பயணத்தில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு வேளைதான்.

வெள்ளிக்கிழமை நார்வேயில் டாக்கோ, அதாவது சோள ஓட்டில் கறியும் காயும் அடைத்த மெக்சிகோ பண்டம், சாப்பிடும் நாளாம். நாடு முழுக்க அப்படித்தானாம். அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்து டாக்கோ தின்ன வேண்டும் என்பது என் தலையெழுத்து. கீதா பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சாமான் வாங்கி வரும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். முரளி அலுவலகத்தைப் பார்க்க நகரத்துக்குப் போயிருந்தார். நானும் தாராவும் ஒரு நிறுத்தம் தள்ளியிருக்கும் ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் போனோம். கீரை, சீஸ், பொரித்த சோள ஓடு எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அது நடந்தது.

ரயில் வந்து நின்றது. நான் கைபேசியில் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தாரா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டாள். நான் நிமிர்ந்து ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடியில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். உள்ளே தாரா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். ரயில் போய்விட்டது.

அவளிடம் கைபேசி கிடையாது. நான் போட்ட கூச்சலுக்கு எங்கள் ஊரில் என்றால் இந்நேரம் போலீஸ் வந்திருக்கும். இங்கே, நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்மணி மட்டும் திரும்பிப் பார்த்தாள். "அடுத்ததுதான் கடைசி நிறுத்தம். அதற்கு மேல் ரயில் போகாது. அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவள் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது. அடுத்த ரயில் வரும்வரை நான் அந்த நடைமேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மனசு போகாத இடமெல்லாம் போய்விட்டு வந்தது.

வெஸ்ட்லியில் இறங்கியபோது தாரா பெஞ்சில் உட்கார்ந்து சோள ஓட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா நீ ஏறலை?" என்றாள். ஏதோ தப்பு என்மேல் என்பது போல. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து மிரண்டுபோனாள்.

சாயங்காலம் முரளியிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. அப்புறம் மெல்ல மலர்ந்தது. "பாத்தியா? என்ன ஆச்சு? ஒண்ணுமே ஆகலை. இதே நியூயார்க் சப்வேல நினைச்சுப் பாரு" என்றார்.

"ஒண்ணும் ஆகலைங்கறது நம்ம நல்ல நேரம். அதுக்காக நாட்டுக்கே சர்டிபிகேட் குடுப்பீங்களா?"

"அவ ஸ்கூல்ல என்ன சொல்லித் தர்றாங்க தெரியும்ல? லைட்டை அணைச்சு, கதவைப் பூட்டி, மூலையில மூச்சுக்காட்டாம ஒளிஞ்சுக்கணும். துப்பாக்கிக்காரன் வந்தா என்ன செய்யணும்னு ஒன்பது வயசுக்குப் பயிற்சி. இங்க பிள்ளைங்க தனியா ரயில்ல போகுது."

அந்தப் பயிற்சி நடந்த அன்று தாரா எங்களிடம் வந்து, தும்மல் வந்தால் எப்படி அடக்குவது என்று கேட்டிருந்தாள். டாக்கோவை வாயில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் முரளியும் குகனும் பால்கனியில் நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைவலி. கீதா மேசையில் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியை வைத்து, தின்று பார் என்று பிடிவாதம் பிடித்தாள். பால்கோவாவில் உப்புக் கொட்டியது போல இருந்தது. தலைவலி அதிகமாயிற்று. மாத்திரை வாங்குகிறேன் என்று ஸ்டோவ்னர் மருந்துக்கடைக்குத் தனியாகப் போனேன். மாத்திரை கீதாவிடமே இருந்தது. நான் போனது வேவு பார்க்க.

வெள்ளைக் கோட்டும் பெயர் வில்லையும் போட்டுக்கொண்டு கவுண்டரில் நின்றவள் என்னைப் பார்த்ததும் தமிழில் கேட்டாள். "எங்க இருந்து வந்திருக்கீங்க அக்கா?" அவள் பெயர் தர்சினி, ஊர் திருகோணமலை. குகன் 'வாங்கோ' என்பதை இவள் 'வாங்க' என்றாள். காதுக்குப் பழகிய தமிழ் போல இருந்ததாலோ என்னவோ, நானும் மருந்தாளுநர்தான், இங்கே வரலாமா என்று யோசனை என்று எடுத்த எடுப்பில் கொட்டிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "பாசைதான் அக்கா முதல். கடையில பாண் வாங்கிற அளவுக்கு இந்தப் பாசை, நோர்ஸ்க், தெரிஞ்சாக் காணாது. ஆக்கள் கோபத்தில கதைப்பாங்க, அழுதழுது கதைப்பாங்க. நோவு எங்கயெண்டு கிழவிமார் வாய்க்குள்ளயே சொல்லுவாங்க. எல்லாம் விளங்கோணும். அதுக்குப் பிறகுதான் சோதனை, படிப்பு எல்லாம்."

"எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு?"

"அதச் சொன்னா நீங்க இண்டைக்கே பிளேன் ஏறிருவீங்க" என்று மாத்திரைப் பெட்டியை நகர்த்தினாள். கெட்டிக்காரி என்று அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. அவளுக்கே அவ்வளவு காலம் என்றால் எனக்கு? நான் கிளம்பும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்: "நாங்களும் வீடு தேடித் தேடிக் களைச்சிட்டம் அக்கா. ஞாயிறெண்டா எங்களுக்குக் கோயில் இல்ல, வீடு பாக்கத்தான் போற."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் இல்லாமலே மாத்திரையை விழுங்கினேன். திரும்பிப் போய் முரளியிடம், "நான் இங்க வந்தா அஞ்சாறு வருஷம் வீட்லதான் இருக்கணும்" என்றேன். "பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு அன்றைக்குப் பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவில் கடைகள் மூடிக் கிடக்கும். ஜனங்கள் ஒன்று காட்டுக்குப் போகிறார்கள், அல்லது அடுத்தவர் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். விற்பனைக்கு வந்த வீடுகளை அன்று திறந்து வைப்பார்களாம். "வாங்கத்தான் வேணுமெண்டில்லை அண்ணை, சும்மாவும் பாக்கலாம்" என்று குகன் எங்களை லோறென்ஸ்கூக்குக்கு ஓட்டிப் போனார். நகரத்துக்குக் கிழக்கே, தமிழ்க் குடும்பங்கள் நிறைய வீடு வாங்கியிருக்கும் இடம். எங்களை வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார்.

சரிவில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஒரு கூடை நிறைய நீல பிளாஸ்டிக் உறை. ஷூவுக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு எல்லோரும் சரசரவென்று நடந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. மேசையில் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம், ஒன்றுகூடத் தொட்டதாகத் தெரியவில்லை. தாரா மாடி அறைக்கு ஓடிப்போய்த் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் காடு, காட்டுக்கு மேலே மிச்சமிருக்கும் பனி. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கீழே வந்தால் முரளி சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கரண்டிகளை மனசுக்குள் அடுக்குகிறார் என்று தோன்றியது. பக்கத்தில் ஒருத்தி சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். தர்சினி! டேப்பின் மறுமுனையை அவள் கணவன் பிடித்திருந்தான்.

"அக்கா, நீங்களுமா?" அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. "இந்த வீட்டத்தான் கேக்கப் போறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. சும்மா பாக்கத்தான் வந்தோம்."

"அப்ப சரி" என்று மூச்சு விட்டாள். "இவருக்கு வேலைக்கும் கிட்ட, பிள்ளைக்குப் பள்ளியும் கிட்ட. இதையும் விட்டா எங்களுக்கு இனி ஏலாது."

வெளியே வந்ததும் முரளி என் முழங்கையைப் பிடித்தார். "சுதா, சும்மா ஒரு விலை சொல்லி வைப்போமா? எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்."

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். நியூஜெர்சியில் வீட்டுக்கு விலை சொல்வது என்பது கிட்டத்தட்ட விளையாட்டு. சொல்லலாம், அவர்கள் சம்மதிக்கலாம், இரண்டு பக்கமும் கையெழுத்தும் போடலாம். அதற்குப் பிறகும் வக்கீல்கள் பார்ப்பதற்கென்று மூன்று நாள் உண்டு. அந்த மூன்று நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகிவிடலாம். நாங்களே ஒரு முறை சமையலறைத் தரை பிடிக்கவில்லை என்று விலகியிருக்கிறோம். வீடு வாங்குவது உலகம் முழுக்க அப்படித்தான் என்று நான் நினைத்தேன். அதோடு, சனிக்கிழமையிலிருந்து எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஒரு சின்ன விஷயத்துக்காவது தலையாட்டினால் அன்றைய பொழுது நிம்மதியாகப் போகும் என்று பட்டது.

"சொல்லி வைங்க. பிடிக்கலைன்னா மூணு நாள்ல வேண்டாம்னு சொல்லிட்டாப் போச்சு" என்றேன்.

முரளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்" என்றார்.

தரகர் ஓர் இளைஞன். கணுக்கால் தெரிய பேண்ட் போட்டிருந்தான். எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் படம் பிடித்துக்கொண்டான். பணத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டான். முரளி கைபேசியில் எங்கள் வங்கிக் கடிதம் ஒன்றைக் காட்டினார். அதை எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது, அங்கே நின்று கேட்கவும் இல்லை. நார்வேஜிய மொழியில் இருந்த படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். திங்கட்கிழமை பன்னிரண்டரை மணி வரை இந்த விலை நிற்கும் என்று எழுதிக்கொண்டான். தர்சினி இன்னும் உள்ளேதான் இருந்தாள். எனக்கு லேசாக உறுத்தியது. விளையாட்டுதானே என்று தட்டிவிட்டேன்.

காரில் முரளி கண்ணை மூடிக்கொண்டு வந்தார். விலை சொன்னதைக் குகனிடம் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கீதா வேலைக்குப் போய்விட்டாள். குகனுக்கு விடுமுறை. அவர் மீன் குழம்பு வைக்க, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தாரா கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். முரளி காலையிலிருந்து பால்கனியிலேயே நின்றார், கையில் கைபேசி. குளிரில் என்ன செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"நேத்து அந்த வீட்டுக்கு நாங்க ஒரு விலை சொல்லியிருக்கோம், தெரியுமா குகன்?"

குகனின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. "எந்த வீட்டுக்கு? கையெழுத்து வைச்சனீங்களோ?"

"ஆமா. சும்மாதான். மூணு நாள்ல..."

அவர் அடுப்பை அணைத்தார். "அக்கா, இஞ்சை மூண்டு நாளும் இல்லை, முப்பது நாளும் இல்லை. விலை சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்காரன் ஓம் எண்டால் வீடு உங்கடை. பிறகு வேண்டாமெண்டால் கோட்டு வழக்கு, நட்டம் எல்லாம் உங்கடை தலையிலை."

"என்ன சொல்றீங்க?"

"அண்ணைக்கு நான் வடிவாச் சொன்னனான் எல்லோ! சனிக்கிழமை, உதிலை பல்கனியிலை நிண்டு. அவர்தான் கேட்டவர், விலை சொன்னால் விலகலாமோ எண்டு. நான் ஏலாதெண்டு சொன்னனான்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் முரளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் தெரிந்துவிட்டது.

குகன் தரகருக்குப் போன் போட்டு நார்வேஜிய மொழியில் வேகமாகப் பேசினார். பேசப் பேச அவர் குரல் தணிந்துகொண்டே வந்தது. வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வீட்டுக்காரருக்கு உங்கடை விலையைச் சொல்லியாச்சாம். இனித் திருப்பி எடுக்கேலாது. பன்னிரண்டரைக்குள்ளை அவர் ஓம் எண்டு சொல்லாட்டில், உங்கடை விலை தானாய்ச் செல்லாமல் போயிடும். அதுவரைக்கும் இருந்து பாக்கிறதுதான்." அடுப்பில் இருந்த கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. "நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கீழை போட்டு வாறன்" என்று தாராவுக்குக் கோட்டை மாட்டி அழைத்துப் போனார். நல்ல மனிதர்.

முரளி உள்ளே வந்தார். நான் கத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் மூணு நாள்னு சொன்னப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"சொல்லியிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்!"

"அதான்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியை மேசைமேல் வைத்தார், இருவருக்கும் நடுவில். "எனக்கு வேற வழி தெரியலை சுதா. ஊருக்குத் திரும்பிட்டா இது பேச்சாவே போயிடும். ஒரு நாள் ஸ்கூல்லேருந்து போன் வரும், வரக்கூடாது, வந்துட்டா... அப்ப நான் என்னை மன்னிச்சுக்க மாட்டேன்." அந்தப் பயம் நிஜம். அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. நிஜமான பயத்தை வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறார்.

கைபேசி அதிர்ந்தது. இருவரும் ஒன்றாகக் குனிந்தோம். இன்னொருவர் எங்களைவிடக் கூட விலை சொல்லியிருக்கிறார் என்று தரகரின் செய்தி. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். கூட விலை வந்தாலும் பன்னிரண்டரை வரை எங்கள் சொல் எங்களைக் கட்டும்; வீட்டுக்காரர் மனசு வைத்தால் எங்களுக்கே தரலாம். அந்த இன்னொருவர் தர்சினியாக இருக்குமோ? சும்மா பார்க்க வந்தோம் என்று அவளிடம் சொன்ன வாயால்தான் கையெழுத்துக்கும் தலையாட்டினேன். அவளே ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எங்களால் அவள் கூடக் கொடுக்க நேர்கிறதே என்று கூசவும் செய்தது.

அந்த நேரத்தில் என் மனசு செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். வீடு எங்களுக்கு விழுந்துவிட்டது என்றே நினைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டை மடித்துப் பெட்டியில் வைக்கிறேன். மொழி வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருகிறேன். மருந்துக்கடையில் தர்சினிக்கு முன்னால் நான் வாடிக்கையாளராகவே நிற்கிறேன், இந்த வருஷமும் அடுத்த வருஷமும். அந்த மாடி ஜன்னலும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அதற்காக வர மனசு ஒப்பவில்லை.

பன்னிரண்டரை ஆனது. அதற்கு மேலும் ஒரு நிமிடம் போனது. போன் அடித்தது. முரளி ஒலிபெருக்கியில் போட்டார்.

"உங்கள் விலைக்கான நேரம் முடிந்துவிட்டது" என்றான் தரகர், உற்சாகமான ஆங்கிலத்தில். "மற்றவருடைய விலை இப்போது மேலே இருக்கிறது. நீங்கள் ஏற்றிச் சொல்கிறீர்களா?"

விடுதலை. முரளி கைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏத்தவா?"

"அதுவா முதல்ல கேக்க வேண்டியது?" என்றேன். "அமெரிக்கா போனப்பவும் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் வந்து சொன்னீங்க. இப்ப வீடே வாங்கப் பாத்தீங்க. நான் எங்க இருக்கணும்னு என்னைக்காவது என்கிட்ட கேட்டிருக்கீங்களா?"

"ஹலோ?" என்றது கைபேசி. முரளி, திரும்ப அழைக்கிறேன் என்று சொல்லி வைத்தார். பிறகு, புது மனுஷியிடம் பேசுவது போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சுதா, நாம இங்க வந்து இருக்கலாமா? உனக்கு இஷ்டமா?"

"இல்லை" என்றேன். வாரக்கணக்காக வாய்க்குள்ளேயே வைத்திருந்த சொல். வெளியே வந்ததும் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அவர் தலையசைத்தார். தரகரைக் கூப்பிட்டு, வேண்டாம், நன்றி என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

கதவு திறந்தது. தாரா கன்னம் சிவக்க, ஷூவெல்லாம் சேறாக ஓடி வந்தாள். பின்னாலேயே படியேறி வந்த குகன் எங்கள் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்பா, வீடு கிடைச்சிடுச்சா? மாடி ரூம் எனக்குன்னு சொன்னீங்கல்ல?"

முரளி தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவளிடமும் சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

"கிடைக்கலைடா" என்றேன். "அம்மாதான் வேண்டாம்னு சொன்னேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏம்மா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கேட்க முரளியும் தலையை உயர்த்தினார். ஏன் வேண்டாம் என்று அவரும் அதுவரை என்னிடம் கேட்டிருக்கவில்லை.